சேர்த்து வைக்காத கல்

எங்கள் ஊர் உப்புக்கல்லைத் தேய்த்து மெருகேற்றி அகச்சிவப்பு லேசரின் முன்னால் வைத்தால் பச்சை வெளிச்சம் வராது. அதே இடத்தில் கே.டி.பி. என்ற இன்னொரு உப்பை, சரியான கோணத்தில் வெட்டி வைத்தால், கண்ணைப் பறிக்கும் பச்சை வரும். இரண்டும் உப்பு, இரண்டும் தண்ணீரில் கரைவது, இரண்டும் பார்க்கக் கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கும். வித்தியாசம் உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தில். சோறாக்கும் உப்பில் அந்த அடுக்கு எதிரெதிர்த் திசைகளில் ஒரே மாதிரி இருக்கும். ஒளியின் மின்புலம் எலக்ட்ரானை இந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் தள்ளினாலும் அது ஒரே அளவுதான் நகரும். பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் என்ற கே.டி.பி.யில் ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக நகரும். அந்தக் கொஞ்சத்தை நம்பித்தான் என் பிழைப்பு ஓடியது.

நான் முத்தையாபுரத்துக்காரன். அப்பா உப்பளத்தில் கங்காணி. பெரியப்பா சங்கு குளிக்கப் போனவர். முத்துக்குளிப்பு 1961-ஆம் வருசத்தோடு முடிந்துவிட்டதால் எங்கள் தலைமுறைக்கு முத்து என்பது பெரியவர்கள் பேசுகிற பேச்சு மட்டும்தான். தூத்துக்குடியில் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி 1973-இல் சிப்பிக்குள் உருண்டை முத்து வளர்த்துக் காட்டியபோது பெரியப்பா நம்பவில்லை. "மனுசன் வளத்தா அது முத்தாலே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பின்னாளில் நான் கல் வளர்க்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன் என்று தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. வ.உ.சி. கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு வடக்கே போனேன். லேசர் மேசைதான் என் பணியிடம் என்று ஆனது.

ஒளியைக் கல்லால் நிறம் மாற்றலாம் என்று முதலில் காட்டியவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஃபிராங்கன். ரூபி லேசர் வந்த மறு வருசம், 1961-இல், 694 நானோமீட்டர் சிவப்பைக் குவார்ட்ஸ் கல்லுக்குள் விட்டு 347 நானோமீட்டர் புறஊதாவை எடுத்தார். எடுத்த அளவு மிகச் சொற்பம். போட்டோ தகட்டில் ஒரு சின்னப் புள்ளி, அவ்வளவுதான். கட்டுரை அச்சுக்குப் போனபோது அந்தப் புள்ளியை ஏதோ அழுக்கு என்று நினைத்துப் பத்திரிகைக்காரர்கள் அழித்துவிட்டார்கள். கண்டுபிடிப்பைச் சுட்டும் அம்புக்குறி வெறும் இடத்தைக் காட்டிக்கொண்டு இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் நிற்கிறது. புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

இரண்டு சிவப்பைச் சேர்த்து ஒரு புறஊதா ஆக்கலாம் என்றால், ஒன்றை உடைத்து இரண்டாக்கவும் முடியும். என் வேலை அந்தப் பக்கம். 400 நானோமீட்டர் ஊதா ஒளியை வலுவாகக் கல்லுக்குள் செலுத்துவோம். இதற்குப் பம்ப் என்று பெயர். கூடவே 600 நானோமீட்டரில் ஒரு மங்கலான ஆரஞ்சுக் கீற்றையும் விடுவோம். அது சிக்னல். உள்ளே ஊதா ஒளித்துகள் ஒவ்வொன்றும் உடைந்து ஒரு 600-ஐயும் ஒரு 1,200-ஐயும் தரும். ஆரஞ்சு கொழுக்கும். மிச்சமான 1,200 நானோமீட்டர் அகச்சிவப்பு, ஐட்லர் என்ற பெயரில் தனியே வெளியேறும். கணக்கு பைசா பிசகாமல் டேலி ஆகிவிடும். கல்லுக்குள் எதுவும் தங்காது, கல் சூடாவதும் மிகக் குறைவு.

இதை மேசையில் செய்யும்போது பார்க்கவே அழகாக இருக்கும். பி.பி.ஓ. என்ற பேரியம் போரேட் கல். விரல்நகம் அளவு முகம், இரண்டு மில்லிமீட்டர் கனம். ஒளி அச்சுக்குச் சுமார் 32 டிகிரியில் வெட்டியது. சீனாவின் ஃபூஜியானில் சென் சுவாங்டியன் குழு கண்டெடுத்த கல் அது. பம்ப்பை மட்டும் விட்டுவிட்டு, கல்லுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார்டைப் பிடித்தால் மங்கலான வளையம் ஒன்று தெரியும். சிக்னல் விடாமலேயே வெற்றிடத்தின் இரைச்சலைக் கல் பெருக்கித் தருகிறது என்று அதற்குப் பொருள். கல்லின் மவுண்ட் திருகை ஒரு சுற்றில் கால்பங்குகூடத் திருப்ப வேண்டாம், வளையம் விரியும், சுருங்கும், நிறம் பிரியும். பம்ப்புக்கும் சிக்னலுக்கும் நடுவே கல்லுக்குள் 3.7 டிகிரி அளவு கோணம் வைத்தால், பல நிறங்களும் ஒரே வளையத்தில் வந்து விழும். அந்த இடம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாவற்றையும் கல் ஒரே மூச்சில் பெருக்கத் தயாராகிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது நேரம். இன்னொரு பக்கம் ஒரு சஃபையர் தகட்டில் லேசரைக் குவித்தால் வெள்ளை ஒளி கிளம்பும். அதுதான் சிக்னல். அந்த வெள்ளைக் கீற்றை வளையத்தின் மேல் கொண்டுவந்து உட்காரவைப்பேன். ஒன்றும் நடக்காது. பம்ப்பும் சிக்னலும் கல்லுக்குள் ஒரே இடத்தில் இருக்கின்றன, ஒரே கணத்தில் இல்லை. டிலே ஸ்டேஜ் என்ற நகரும் மேடையின் மைக்ரோமீட்டரைத் திருக வேண்டும். ஒளி ஒரு பிக்கோ வினாடியில் 0.3 மில்லிமீட்டர்தான் போகும், அதனால் மேடையை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவேன். ஒரு கட்டத்தில் கார்டில் பொட்டென்று ஆரஞ்சு எரியும். இன்னும் கொஞ்சம் திருகினால் மஞ்சள், அதற்கும் மேல் பச்சை. வெள்ளைக் கீற்றில் சிவப்பு முன்னாலும் நீலம் பின்னாலும் வருவதால், பம்ப் யாரைப் பிடிக்கிறதோ அந்த நிறம் கொழுக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இதெல்லாம். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிறம் பார்க்க ஆசைப்பட்டவர்களின் விழித்திரையில் என்ன நடந்தது என்று எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.

ஒரே கணத்தில் வந்தால்தான் உண்டு என்ற கல்லின் இந்தப் பிடிவாதம்தான் இத்தொழிலின் ஆதாரம். டைட்டானியம் சஃபையர் மாதிரியான பழைய பெருக்கியில் பம்ப்பின் ஆற்றலைக் கல் வாங்கி மூன்று மைக்ரோ வினாடி அளவு உள்ளே வைத்திருக்கும். அதற்குள் சிக்னல் எப்போது வந்தாலும் எடுத்துக்கொண்டு போகலாம். பி.பி.ஓ.வும் கே.டி.பி.யும் அப்படியில்லை. பம்ப் உள்ளே இருக்கும்போது சிக்னல் வந்தால் உண்டு, வராவிட்டால் பம்ப் வெறுமனே கடந்து போய்விடும். ஒரு நொடி முன்பு எவ்வளவு கொட்டினோம் என்பது கல்லுக்கு நினைவில்லை.

புதிதாக வருகிறவர்கள் இதைக் குறை என்று எடுத்துக்கொள்வார்கள். நானும் அதை வாழ்நாள் முழுக்க சபித்திருக்கிறேன், குறிப்பாகப் பம்ப் லேசரின் நேரம் ஆடும் நாட்களில். ஆனால் அதே குணம்தான் இதன் பெரிய பலம். லேசரின் உச்சத் துடிப்பு வருவதற்கு முன்னால் சின்னச் சின்னத் துடிப்புகள் எப்போதும் வந்துகொண்டிருக்கும். சேர்த்து வைக்கிற பெருக்கி அவற்றையும் பெருக்கிவிடும். திண்மப் பரப்பின் மேல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றுக்குப் பின் 18 சுழியம் போட்ட வாட் என்று குவிக்கிற இடத்தில், அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு முன்னதாக வந்தாலே பரப்பு ஆவியாகிவிடும். பிறகு உச்சத் துடிப்பு போய் அடிப்பது திண்மத்தை அல்ல, புகையை. பாராமெட்ரிக் பெருக்கி என்கிற எங்கள் முறையில் பம்ப் இல்லாத நேரத்தில் கல் வெறும் சன்னல் கண்ணாடி, முன்னால் வருகிறவற்றுக்கு ஒரு பருக்கைகூடப் போடாது. அதனால்தான் ருமேனியாவின் மகுரேலேயில் 2019-இல் 10 பெட்டாவாட்டைத் தொட்ட லேசரிலும் பிற்பகுதி டைட்டானியம் சஃபையராக இருந்தாலும் முன்பகுதியில் பி.பி.ஓ.வை வைத்திருக்கிறார்கள்.

துடிப்பை நீட்டாமல் பெருக்க முடியாது. ஃபெம்டோ வினாடித் துடிப்பை அப்படியே பெருக்கினால் அதன் உச்சமே கல்லைப் பொசுக்கிவிடும். டோனா ஸ்ட்ரிக்லண்டும் ஜெரார் மூரூவும் ராச்செஸ்டரில் 1985-இல் சொன்ன வழி: முதலில் நிறங்களைப் பிரித்து வரிசையாக நீட்டு, நீண்டதைப் பெருக்கு, கடைசியில் கிரேட்டிங் ஜோடியால் மறுபடி சுருக்கு. அவர்கள் நீட்டப் பயன்படுத்தியது 1.4 கிலோமீட்டர் ஒளியிழை. 2018-இல் நோபல் கிடைத்தது. நடுவில் இருக்கிற பெருக்கியை எடுத்துவிட்டு அங்கே பாராமெட்ரிக் கல்லை வைத்தவர்கள் லித்துவேனியாக்காரர்கள். வில்னியுஸ் பல்கலைக்கழகத்தில் டுபீடிஸ், யோனுஷௌஸ்காஸ், பிஸ்கார்ஸ்காஸ் மூவரும் 1992-இல் செய்தார்கள். சோவியத் உடைந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, கையில் பணம் இல்லாத காலம். உலகம் உடனே திரும்பிப் பார்க்கவில்லை. இங்கிலாந்தில் ரதர்ஃபோர்ட் ஆப்பிள்டன் ஆய்வுக்கூடத்தின் இயன் ராஸ் 1997-இல் கணக்குப் போட்டு, பெரிய கல் இருந்தால் இதே வழியில் பெட்டாவாட்டுக்கும் மேலே போகலாம் என்று எழுதிய பிறகுதான் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள்.

பெரிய கல் என்ற இடத்தில்தான் கதை எங்கள் ஊர்ப் பக்கம் திரும்புகிறது.

பி.பி.ஓ. உருக்கிலிருந்து வளர்வது. உள்ளங்கை அளவுக்கு மேல் கிடைப்பது பாடு. கே.டி.பி. தண்ணீரில் வளர்வது, அதனால் தொட்டி பெரிதானால் கல்லும் பெரிதாகும். அமெரிக்காவின் லிவர்மோரில் நடாலியா ஸைட்சேவா வேக வளர்ப்பு முறையில் 300 கிலோவுக்கு மேல் ஒரே கல்லாக எடுத்திருக்கிறார். பழைய முறையில் இரண்டு வருசம் ஆகும் அளவை இரண்டு மாதத்தில் எடுக்கும் வித்தை அது. நம் ஊரிலும் கல் வளர்ப்புக்குக் குறைவில்லை. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையம், அதை உருவாக்கிய பெ. ராமசாமி, பிறகு அவர் காலவாக்கம் எஸ்.எஸ்.என். கல்லூரியில் சங்கரநாராயணனோடு சேர்ந்து 2005-இல் வெளியிட்ட ஒருதிசை வளர்ப்பு முறை. கண்ணாடிக் குழாயின் அடியில் விதைக்கல்லை வேண்டிய திசையில் உட்காரவைத்து, அந்தத் திசையிலேயே கல்லை மேல்நோக்கி வளர்க்கிறார்கள். உலகம் முழுக்க அதைச் சங்கரநாராயணன்–ராமசாமி முறை என்றே எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவர் ஒருவரைச் சந்தித்தால் அவரோ அவருடைய நண்பரோ ஏதோ ஒரு கல்லை பீக்கரில் வளர்த்திருப்பார். ஆனால் பீக்கரிலிருந்து தொட்டிக்குப் போனவர்கள் மிகக் குறைவு என்பது என் வருத்தம்.

கல் வளர்ப்பு எனக்குப் புதிதாகவே இல்லை. கரைசலைச் சூடாக்கி நிறைவு எட்டவைத்து, வடிகட்டி, மேலும் கொஞ்சம் சூடேற்றிக் கண்ணுக்குத் தெரியாத பொடிகளைக் கரைத்துவிட்டு, விதையை இறக்கி, நாளொன்றுக்கு ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு என்று குளிரவைத்துக்கொண்டே போக வேண்டும். விதை மாட்டிய மேடை கொஞ்ச நேரம் வலமாகவும் கொஞ்ச நேரம் இடமாகவும் சுற்றும். ஒரே பக்கம் சுற்றினால் ஒரு முகம் பட்டினி கிடக்கும். லீவில் ஊருக்கு வந்தபோது அப்பாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்குப் பாத்தித் தண்ணீரின் அடர்த்தியை டிகிரியில் பார்ப்பதுதான் ஆயுள் முழுக்க வேலை. 25 டிகிரி வந்தால் உப்பு இறங்கும், 29, 30-க்கு மேல் விட்டால் கசப்புத் தண்ணி உப்போடு சேர்ந்துவிடும்.

"அவசரப்பட்டா கல்லுக்குள்ள பால் ஏறிரும்லா?" என்றார்.

ஏறும். வேகமாக வளர்ந்தால் தாய்க்கரைசல் துளித்துளியாக உள்ளே மாட்டிக்கொண்டு கல் வெள்ளை பாய்ந்துவிடும். எங்கள் வாத்தியார்கள் இரண்டு பக்கச் சமன்பாட்டில் சொன்னதை அவர் பாத்தி ஓரத்தில் கற்றிருந்தார். இரும்புத் துரு சேர்ந்தால் என்ன ஆகும் என்றும் கேட்டார். கே.டி.பி.க்கு இரும்பு, அலுமினியம், குரோமியம் மூன்றும் விசம். மிகச் சிறு அளவு இருந்தாலே பக்க முகங்களில் ஒட்டிக்கொண்டு வளர்ச்சியைத் தடுத்துவிடும், கல் மேலே போகப்போகக் கூம்பிப் போகும்.

ஒருமுறை நான் இருந்த ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பு முடியும் தறுவாயில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்க நேரமாகிவிட்டது. தொட்டி தானாகக் குளிர்ந்ததில் அடியெல்லாம் சின்னச் சின்னக் கல்லாகப் பூத்துவிட்டது. ஒவ்வொன்றும் பெரிய கல்லின் தீனியைப் பங்கு போட்டது. மாதக்கணக்கான வேலை ஒரே ராத்திரியில் உப்பளத்துக் குவியல் மாதிரி ஆயிற்று.

இனிக் கனநீருக்கு வருகிறேன். சாதாரணக் கே.டி.பி.க்கு ஒரு தொந்தரவு உண்டு. அதிலுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒரு மைக்ரானுக்கு மேற்பட்ட அகச்சிவப்பை விழுங்கும். ஐட்லர் போகும் பாதையே அதுதான். ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கன வடிவமான டியூட்டீரியத்தை வைத்தால் அந்த விழுங்கல் இன்னும் நீண்ட அலைநீளத்துக்கு விலகிப் போய்விடும். கூடவே இன்னொரு லாபம்: 527 நானோமீட்டர் பச்சையால் பம்ப் செய்து 910 நானோமீட்டரில் சிக்னல் விட்டால், டி.கே.டி.பி. என்ற அந்தக் கல் மிக அகலமான நிறப்பட்டையைப் பெருக்குகிறது. அகலம் இருந்தால்தான் கடைசியில் துடிப்பைக் குறுக்க முடியும். இந்தக் கல்லை வளர்க்கக் கனநீர் வேண்டும்.

முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற கோபுரங்களில் 1978-இலிருந்து கனநீர் எடுத்தார்கள். பக்கத்து ஸ்பிக் உரத் தொழிற்சாலை அம்மோனியா செய்ய வைத்திருக்கும் வாயுவை வாங்கி, அதிலுள்ள டியூட்டீரியத்தைத் திரவ அம்மோனியாவுக்கு மாற்றி எடுப்பது முறை. வினையூக்கி பொட்டாசியம் அமைடு. இயற்கையில் ஹைட்ரஜன் அணு ஆறாயிரத்துச் சொச்சத்துக்கு ஒன்றுதான் டியூட்டீரியம் என்பதால் மலையளவு வாயுவை ஓட்டிக் கையளவு எடுக்க வேண்டும். உரம் நின்றால் கனநீரும் நிற்கும். அந்த நீர் அணு உலைகளுக்கான சரக்கு. பள்ளிக்கூடத்தில் படித்த எங்களுக்கு அது வெடிகுண்டு செய்கிற இடம் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். ஆலைப் பக்கம் சைக்கிளில் போனால் வேகமாக மிதிப்போம். பல வருசம் கழித்து மேசையில் ஒரு வெளிநாட்டு டி.கே.டி.பி. துண்டைக் கையுறை போட்டு எடுத்துப் பார்த்தபோதுதான், இதன் மூலச்சரக்கு எங்கள் தெருமுனையில் வடிந்துகொண்டிருந்தது என்று உறைத்தது.

ரஷ்யாவின் நீஷ்னி நோவ்கொரோதில் பயன்பாட்டு இயற்பியல் நிறுவனத்தார் 2007-இல் டி.கே.டி.பி. கற்களை மட்டும் வைத்துப் பெருக்கி 0.56 பெட்டாவாட் எடுத்தார்கள். 24 ஜூல், 43 ஃபெம்டோ வினாடி. அந்த லேசரின் சுருக்கப் பெயர் பேர்ல், அதாவது முத்து. முத்துக்குளித் துறைக்காரன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோசம். எங்கள் துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள அனல்மின் நிலையத்தின் ஐந்து யூனிட்டும் சேர்ந்து 1,050 மெகாவாட். அதைப்போல ஐந்து லட்சம் மடங்குக்கு மேல் அந்தத் துடிப்பு. ஆனால் 24 ஜூலை வீட்டு மின்விசிறிக்குக் கொடுத்தால் அரை வினாடி சுற்றுவதே சந்தேகம்.

டி.கே.டி.பி. வளர்ப்பது கே.டி.பி.யை விடப் படுத்தும். தொட்டியைத் திறந்து வைத்தால் கனநீர் காற்றிலுள்ள ஈரத்தோடு ஹைட்ரஜனைப் பரிமாறிக்கொண்டு நாளுக்கு நாள் நீர்த்துப்போகும். டியூட்டீரியம் மிக அதிகமாக இருக்கும்போது சூடு கூடிவிட்டால் வேண்டாத வடிவத்தில், வேறு அடுக்கில், கல் வளரத் தொடங்கிவிடும். வளர்ந்து முடிந்த பிறகும் கவலை தீராது. இந்தக் கல்லைத் துணியால் தேய்த்து மெருகேற்ற முடியாது, வைர முனையால் சீவ வேண்டும். மழைக்காலத்தில் ஏ.சி. ஒரு மணி நேரம் ஓய்ந்தால் போதும், முகத்தில் பனி படிந்த மாதிரி மங்கல் வந்துவிடும். நாங்கள் கற்களை வெதுவெதுப்பான சின்ன அடுப்புகளுக்குள் குடிவைத்திருந்தோம். ஐப்பசி மழையில் அப்பா அம்பாரத்துக்குக் கீற்று போடுகிற நேரத்தில் நான் இங்கே ஈரமானியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்தியாவில் உயர்திறன் லேசர் வேலை மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தில் ரவீந்திர குமார் குழுவாலும் இந்தூர் ராஜா ராமண்ணா மையத்தாலும் நன்றாக நிலைபெற்றிருக்கிறது. ஆனால் பெரும் அமைப்புகளின் இதயம் இன்னும் டைட்டானியம் சஃபையர். அதிலும் தப்பில்லை, வேலை நடக்கிறது. சீனாவின் மியன்யாங்கில் 2017-இல் முழுக்கவும் பாராமெட்ரிக் வழியிலேயே 4.9 பெட்டாவாட் எடுத்தார்கள். அவர்கள் நம்பியது எல்.பி.ஓ. என்ற லித்தியம் போரேட் கல். அது உருக்கில் வளர்வது, அளவுக்கு எல்லை உண்டு. பத்து, இருபது, ஐம்பது பெட்டாவாட் என்று இந்த வழியில் ஏற நினைக்கிறவர் கடைசியில் தண்ணீரில் வளர்கிற டி.கே.டி.பி.யிடம்தான் வர வேண்டும். இந்த வேலைக்குத் தோதான கற்களில் 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு வருவது அது ஒன்றுதான். அதற்கு வேண்டியவை கனநீர், சுத்தமான உப்பு, நூறில் ஒரு பங்கு டிகிரிகூட ஆடாத தொட்டி, இரண்டு வருசம் மாறாமல் இருக்கிற ஆள். முதல் மூன்றும் நம்மிடம் இருக்கின்றன. நான்காவதுதான் சிக்கல். ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகைக்குக் காலக்கெடு உண்டு. முதல் வருசம் அவர் தொட்டியைப் புரிந்துகொள்ளவே போய்விடும். தொட்டிக்கு என்று நிரந்தரமாக ஒரு கங்காணியை நியமித்தால் என்ன என்று ஒரு கூட்டத்தில் எழுந்து கேட்டேன். சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வேலை நியமனத்துக்கான தகுதிப் பட்டியலையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்: பட்டம் கட்டாயமில்லை, ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து தெர்மாமீட்டர் பார்க்கிற பழக்கம் கட்டாயம்.